சொல்தா மகளுக்குச் சிக்கெடுத்த சனிக்கிழமைகள்

எங்கள் தெருவில் ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிவிடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு சனிக்கிழமை மதியம். எனக்கு அப்போது பத்து வயது. அறுபதுகளின் பின்பாதி.

வில்லியனூரை ஒட்டிய ஊர் எங்களுடையது. மாதா கோயிலைச் சுற்றி நாலு தெரு, அதைத் தாண்டினால் வயல். பாதிப்பேர் நிலத்தில் பாடுபட்டார்கள். மீதிப்பேர் என் அப்பாவைப் போல சைக்கிள் மிதித்துப் புதுச்சேரி மில்லுக்குப் போய்வந்தார்கள். எங்கள் பக்கத்து வீடு வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கடல்தாண்டிப் போனவர். பட்டாளத்துக்குப் போனவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அவர் ஊரில் இல்லாதபோதே அது சொல்தா வீடு ஆகிவிட்டது. பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் அவர் ஒரு தகரப்பெட்டியோடும் ஒன்பது வயது மகளோடும் வந்து பூட்டைத் திறந்தார். மனைவி மடகாஸ்கர் தீவுக்காரியாம். அங்கேயே நோயில் இறந்துபோனாளாம். இவ்வளவுதான் முதல் வாரத்தில் தெருவுக்குத் தெரிந்தது.

மகளின் தலைமுடியைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எங்கள் முடியெல்லாம் கீழே விழுந்தது. அவள் முடி மேலே எழும்பி நின்றது. ஒவ்வோர் இழையும் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி இறுகச் சுருண்டிருக்கும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் தோளைத் தாண்டி வரும், விட்டால் காதுக்குமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவை போதும்" என்று மட்டும் சொன்னாள். அப்பா பேசிப்பேசிக் கற்றுக்கொடுத்த தமிழ் அது, கொஞ்சம் யோசித்து யோசித்து வரும்.

என் முடியும் சுருட்டைதான். அவளுடையது அளவுக்கு இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புமுன் அம்மா என்னை முன்னால் உட்காரவைத்து, முந்தினநாள் சீயக்காய் போட்டு அலசிக் காய்ந்துபோன தலையில், உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுப்பாள். சீப்பு பாதியில் நிற்கும். இன்னும் பலமாக இழுப்பாள். அதற்கும் மசியாவிட்டால் சிக்குவாரியை எடுப்பாள். பித்தளையில் செய்தது, ஊசியைவிடத் தடிமன், ஒரு முனை கூர், மறுமுனை மொழுக்கை. வகிடு எடுக்கவும் முடிச்சைக் குத்திக் கிளறவும் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். கோயில் மணி அடித்துவிடும். இரண்டு பேரும் அழுது முகம் வீங்கித்தான் பூசைக்குப் போவோம்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சொல்தா மாமா வீட்டு வாசலில் வேப்பமரம் ஒன்று உண்டு. அதன் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் முக்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில், பாயில், அவர் முழங்கால்களுக்கு நடுவில் மகள். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர், தேங்காய் எண்ணெய், துணி காயப்போடும் மரக் கிளிப்பு நாலு, ஒரு மரச்சீப்பு. அந்த மாதிரிச் சீப்பை நான் பார்த்ததில்லை. ஏழெட்டுப் பல்தான். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம், விரல் நுழைகிற இடைவெளி.

அவர் முதலில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தலை முழுக்க நனைத்தார். பிறகு எண்ணெய். பிறகு விரலாலேயே தலையை நாலு பங்காகப் பிரித்து, மூன்றைச் சுருட்டிக் கிளிப்பு மாட்டிவிட்டு, ஒன்றை மட்டும் கையில் எடுத்தார். அதிலும் ஒரு பிடியைத் தனியாகப் பிரித்தார். என் அம்மா தொடங்குகிற உச்சியில் அவர் தொடங்கவில்லை. முடியின் நுனியில் சீப்பை வைத்தார். ஒரு விரற்கடை வாரினார். அது சுத்தமானதும் அதற்குமேலே ஒரு விரற்கடை. முடிச்சு வந்தால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலால் பிரித்தார். இடதுகை எந்நேரமும் முடிச்சுக்கும் மண்டைக்கும் நடுவில் முடியை இறுகப் பிடித்திருந்தது. இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. எப்போதாவது போய்விட்டால் மகள் அவர் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் உடனே நிறுத்தி, "தூஸ்மான், தூஸ்மான்" என்று தன் கைக்கே சொல்லிக்கொள்வார். மெதுவாக என்பதற்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள்.

தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா சொல்தா, பொம்பள வேலயெல்லாம் நீயே செஞ்சிக்கினு இருக்கற?"

"தல அவளுது, கை என்னுது. இதுல பொம்பள எங்கேர்ந்து வந்தா?" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல்.

"உள்ள உக்காந்து வாரக்கூடாதா? தெருவே வேடிக்க பாக்குது."

"உள்ள வெளிச்சம் பத்தாது. முடிச்சு தெரியாம இழுத்துட்டன்னா கொழந்தைக்கு வலிக்கும்."

சைக்கிள்காரர் பெடலில் காலை வைத்தார். போய்விட்டார். அந்தப் பெண்ணோ இதற்குள் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். எங்கள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பள கையில அது தூங்குது பாரு" என்றாள் என்னிடம். "என் கையில நீ ஊரக் கூட்டற."

மறுநாளும் அவள் வழக்கம்போல உச்சியில்தான் சீப்பை வைத்தாள். நானும் வழக்கம்போலக் கத்தினேன். பார்த்த உடனே மாறிவிடுகிறவள் இல்லை என் அம்மா.

ஜூன் மாதம் சொல்தா மாமா மகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. தலைமை மதர் கண்டிப்பானவர். எல்லாப் பெண்களும் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி வரவேண்டும். முதல்நாளே அவளை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார்.

"இந்தத் தலையோட வகுப்புல உக்கார முடியாது. பின்னாடி இருக்கிற பிள்ளைக்குக் கரும்பலகை மறைக்கும். வர்ற திங்கட்கிழமை ரெண்டு சடையோட வரணும். முடியலன்னா ஒட்ட வெட்டிட்டு வரச் சொல்லு உங்க அப்பாவ."

நானும் அவளும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் அவள் முடியைக் கையால் அழுத்தி அழுத்திவிட்டுக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும், "வெட்டினால் வலிக்குமா?" என்று கேட்டாள். வலிக்காது என்றேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மாமா மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தவர், கோயிலில் சாயங்கால மணி அடிக்கிறபோதுதான் எழுந்தார். சிக்கெடுத்து முடித்த பிறகு, நெற்றியிலிருந்து பிடரிவரை மண்டையை ஒட்டியே வரப்பு வரப்பாகப் பின்னினார். வகிடு எடுக்கச் சீப்பின் பல் தடிமனாக இருந்ததால் எங்கள் வீட்டுச் சிக்குவாரியை இரவல் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் மொழுக்கை முனையால் கோடு போட்டார். பக்கத்துக்கு ஆறு வரப்பு. நாற்று நட்ட வயல்போல நேராக இருந்தன. ஆறும் பிடரியில் ஒன்றுசேர்ந்து ஒரு சடை, அந்தப் பக்கம் ஒரு சடை. நீளம் போதாததற்கு ரிப்பனையே உள்ளே சேர்த்துப் பின்னி மடித்துக் கட்டினார். நடுவில் ஒரு வரப்பு கோணிவிட்டது என்று அவிழ்த்து மறுபடி பின்னினார். எனக்கு அது கோணலாகவே தெரியவில்லை.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவரே எங்களோடு பள்ளிக்கு நடந்துவந்தார். மதர் வாசலில் நின்றிருந்தார். அவள் தலையை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். ஒரு வரப்பின்மேல் விரலை வைத்து நெற்றியிலிருந்து பின்னால்வரை ஓட்டினார்.

"யார் பின்னினது?"

"நான்தான் மதர்."

"நீங்களா? பட்டாளத்துல இதெல்லாம் சொல்லிக் குடுக்கறாங்களா?"

"இல்ல மதர். வூட்ல கத்துக்கினது."

மதர் மறுபக்கச் சடையையும் தூக்கிப் பார்த்தார். "கோடு நேரா இருக்கு" என்றார். பிறகு, தான் மதர் என்பது நினைவுக்கு வந்தாற்போல, "ரிப்பன் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று சொல்லி மணி அடிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் யாரும் அவள் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் வகுப்பில் நாலு பெண்கள் தங்களுக்கும் அப்படிப் பின்னிவிடச் சொல்லி வீட்டில் அடம்பிடித்து அடி வாங்கினார்கள். நானும் அதில் ஒருத்தி.

அடுத்த வருடம் கோடை விடுமுறையில் அந்த விபத்து நடந்தது. மாமா திருக்கனூர் சந்தைக்குப் போய்விட்டுச் சைக்கிளில் திரும்பி வரும்போது, எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி மதகுக் கட்டையில் விழுந்தார். வலதுகை இரண்டு இடத்தில் முறிந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். புண் சீக்கிரம் ஆறவில்லை, ஒரு மாதத்துக்குமேல் படுக்க வேண்டியதாகிவிட்டது. பாகூரில் இருந்த அவருடைய அண்ணி வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல மனுஷி. வாய்க்கு ருசியாகச் செய்துபோட்டாள், புதுச் சட்டை தைத்துக்கொடுத்தாள். தலையை மட்டும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மாமா கையில் மாவுக்கட்டோடு வீடு திரும்பிய மறுநாள், அந்த அண்ணி பஸ்ஸில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணின் தலையில் துணி சுற்றியிருந்தது. அதை அவிழ்த்தபோது நாங்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தோம். முடி முழுக்க ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, கம்பளி மாதிரி ஒரே பட்டையாகிப் போயிருந்தது. பின்மண்டையில் மூன்று நாலு உருண்டைகள். விரல் எங்கேயும் நுழையாது.

"நான் தொடவே பயந்துட்டன் தம்பி" என்று அந்த அம்மாள் அழுதாள். "சீப்ப வெச்சாலே கொழந்தக்கி கண்ணு கலங்குது. அதான் சீயக்கா தேச்சித் தேச்சிக் குளிப்பாட்டி, ஈரத்தோட கட்டியே வுட்டுட்டன். இப்பிடி ஆவும்னு தெரியாது."

"நீங்க இன்னா பண்ணுவீங்க அண்ணி, அழாதீங்க" என்றார் மாமா. மகளின் தலையை இடதுகையால் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வலதுகையின் மாவுக்கட்டை ஒருமுறை குனிந்து பார்த்தார். அதை நான் கவனித்தேன்.

கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். மொட்டை போட்டுவிடலாம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதாக இருக்கட்டும், முடிதானே, வளர்ந்துவிடும். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெண் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

 கூட்டம் கலைந்த பிறகு என் அம்மா வேலி ஓரம் வந்து, "அண்ணே, எப்படின்னு நீங்க சொல்லுங்க. நான் செய்யறன்" என்றாள்.

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு நாள் ஆவும் தங்கச்சி."

"ஆவட்டும்."

"இழுக்கக் கூடாது."

அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இழுக்கமாட்டன்" என்றாள்.

அன்று சாயங்காலமே தலை முழுக்க எண்ணெய் வைத்து ஊறவிட்டார்கள். அம்மா வேறொன்றும் செய்தாள். எங்கள் கிணற்றடியில் செம்பருத்திச் செடி இருந்தது. காலையில் அதன் இலையை மடிநிறையப் பறித்து, அரைத்து, தண்ணீரில் கரைத்து, துணியில் பிழிந்தாள். வெண்டைக்காய்ச் சாறு மாதிரி வழவழவென்று ஒரு சட்டி வந்தது. மாமா அதில் இரண்டு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இது இன்னா?"

"செம்பருத்தி எல. எங்க அம்மா வூட்ல தல முழுவறதுக்குப் போடுவாங்க."

"இது எனக்குத் தெரியாம போச்சே. ஒரு வருஷமா வெறும் தண்ணிய வெச்சிக்கினு மல்லுக்கட்டறன்" என்றார். அவர் அப்படி வியந்ததில் அம்மாவுக்குப் பெருமை. அடக்கிக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் அதே முக்காலியில் அம்மா உட்கார்ந்தாள். பாயில் அந்தப் பெண். பக்கத்தில் ஒரு நாற்காலியில் மாமா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. நான் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். அவள் தலையை ஆட்டாமல் கையை மட்டும் நீட்டி ஆடினாள்.

"சீப்ப எடுக்காதீங்க தங்கச்சி. இன்னிக்கிப் பூரா சீப்பே வாணாம். பிடரியில, கீழ்ஓரத்துல, ஒரு நூலளவு பிரிங்க. கீழ இழுக்கக் கூடாது. பக்கவாட்டுல, பஞ்சப் பிரிக்கற மாதிரி."

அம்மா பிரித்தாள். அவளுடைய கைகளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவசரமாகப் பாத்திரம் தேய்க்கிற, மாவு பிசைகிற, என் முதுகில் வைக்கிற கைகள் அவை. வழவழப்பான நீரைத் தொட்டுத் தொட்டு, ஒரு கொத்தைப் பிடித்து, அதிலிருந்து ஒன்றிரண்டு இழைகளாக உருவி விடுவித்தாள். முடிச்சு வந்தால் சிக்குவாரி. கூர்முனையை வைத்தாள்.

"அந்தப் பக்கம் வாணாம், முடி அறுந்துடும். மொழுக்கப் பக்கத்த முடிச்சுக்குள்ள வுட்டு லேசா ஆட்டுங்க. அதுவா நெகிழும்."

நெகிழ்ந்தது. அம்மாவின் விரலில் உதிர்ந்த முடி நிறைய வந்தது. பயந்துபோய் அதை மாமாவிடம் காட்டினாள். அவர் ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

"வேரோட வந்துருக்கு பாருங்க. இது தானா உதுந்து உள்ளயே சிக்கிக்கினு கெடந்தது. ஒரு மாசமா உதுந்தது வெளிய வர வழியில்ல. இது வந்தா நல்லது. வேர் இல்லாம துண்டா வந்தாதான் நாம அறுத்துட்டோம்னு அர்த்தம்."

அதற்கப்புறம் அம்மா ஒவ்வொரு முறையும் விரலில் வந்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். துண்டு முடி வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெண் இரண்டு தட்டுத் தட்டினால் அவளே, "தூஸ்மான், தூஸ்மான்" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயில் தூசுமானு என்று வந்தது. மாமா திருத்தவில்லை.

மதியத்துக்குள் ஒரு காதோரம் முடிந்தது. அன்று எங்கள் வீட்டில் பழைய சோறுதான். அப்பா மில்லிலிருந்து வந்து ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

நடுவில் ஒருமுறை அந்தப் பெண், "வெட்டிவிடுவீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"எங்க வூட்ல கத்தரிக்கோலே கெடையாதுடி" என்றாள் அம்மா. எங்கள் தையல் மிஷின்மேல் கத்தரிக்கோல் கிடந்ததை அந்தப் பெண்ணும் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்திருக்கிறேன். 

இரண்டாம் நாள் காலையில்தான் அம்மா அதைக் கேட்டாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்கண்ணே கத்துக்கினீங்க?"

மாமா பாயில் இருந்தவளை ஒருமுறை பார்த்தார். மகள் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இவங்க அம்மா ஒரு வருஷத்துக்கு மேல படுக்கையில இருந்தா. மொதல்ல அவ தங்கச்சி வந்து வாரி வுட்டுது. அதுக்கும் குடும்பம் இருக்குதே, நெதம் வர முடியில. ஒருநாள் அவளே சீப்ப என் கையில குடுத்தா. எனக்கு ஒண்ணும் தெரியாது, துப்பாக்கி தொடைக்கற மாதிரி இழுத்தன். அவ சிரிச்சா. அப்புறம் ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தா. அவ தலையிலதான் கத்துக்கினன். தப்பா இழுத்தா தூஸ்மான்னுவா. கடைசி மாசம் பேச்சு வரல. அப்ப முட்டியில தட்டுவா. அவ எனக்கு சொல்லிக் குடுத்தது அவளுக்காக இல்லன்னு அப்புறந்தான் எனக்குப் புரிஞ்சிது."

அஞ்சாங்கல் ஆட்டம் நின்றிருந்தது. அந்தப் பெண் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அம்மா சொல்லிக்கொடுத்தது தனக்காகத்தான் என்பது அவருக்குத் தெரியாது என்று அதுவரை நினைத்திருந்ததுபோல இருந்தது அந்தப் பார்வை. அம்மா குனிந்து அடுத்த கொத்தைப் பிரித்தாள்.

சாயங்காலத்துக்குள் ஓர் உருண்டை தவிர எல்லாம் முடிந்தது. பின்மண்டையில், நெல்லிக்காய் அளவு. அம்மா ஒரு மணிநேரம் போராடினாள். சட்டியில் செம்பருத்தி நீர் தீர்ந்துபோய் மறுபடி அரைத்துக் கொண்டுவந்தேன். அப்படியும் அசையவில்லை.

"இத மட்டும் வெட்டித்தான் ஆவணும்ணே" என்றாள் அம்மா. தோற்றுப்போன குரல்.

மாமா விரலால் அழுத்திப் பார்த்தார். "குறுக்க வெட்டுனா மொத்தமும் போயிடும். நெடுக்க வெட்டலாம். பலாச்சுளையக் கீறற மாதிரி நீளவாக்குல ரெண்டா, அப்புறம் நாலா. அப்ப உள்ள இருக்கற முடிச்சு இளகும். பாதி போனாலும் பாதி நிக்கும்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "உன் தலை. நீ சொல்லு."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். "நெடுக்க" என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"இல்லன்னு சொன்னீங்களே அத்தை" என்றாள் அவள்.

"இப்பதான்டி மொளச்சிது" என்றாள் அம்மா. மாமா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

வெட்டினார்கள். பாதிக்குமேல் நின்றது. விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு அந்த மரச்சீப்பு உச்சியிலிருந்து நுனிவரை எங்கும் தடைபடாமல் ஒருமுறை போய்வந்தது. அம்மா அதை இரண்டாவது முறையும் செய்து பார்த்தாள், தேவையில்லாமல். அன்று ராத்திரி அவளால் விரலை மடக்க முடியவில்லை. உப்புத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தலையை நனைத்தாள். நாலு பங்காகப் பிரித்தாள். நுனியில் சீப்பை வைத்தாள். நான் கத்தத் தயாராக இருந்தேன், கத்துவதற்கு ஒன்றும் வரவில்லை. முடித்துவிட்டு, "இத்தன வருஷம் ஏண்டி சொல்லல?" என்று கேட்டாள். பத்து வருடமாக நான் கத்தியது என்னவென்று அவள் நினைத்தாளோ, எனக்குத் தெரியவில்லை.

மாவுக்கட்டு பிரித்தபிறகு மாமா செய்த முதல் வேலை எனக்கொரு சீப்பு. வில்லியனூர்க் கடையில் ஒரு கொம்புச் சீப்பு வாங்கி, குறடால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல்லை ஒடித்து எடுத்து, பிசிறை அரத்தால் ராவி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, அந்த வாடை போக எண்ணெய் தடவிக் கொடுத்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பல்லு போன சீப்புக்குப் பவுசப் பாரு" என்று கேலி செய்தார். ஆனால் அதிலேதான் அவரும் வாரிக்கொண்டு மில்லுக்குப் போனார், வழுக்கை விழுந்த அவருக்கு அந்த அளவு பல்லே அதிகம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் இருவரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அவருக்கு அங்கே குடியுரிமை இருந்தது, மகளின் படிப்புக்கு அதுதான் நல்லது என்று முடிவெடுத்தார். வருடத்துக்கு ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவள் மருத்துவமனையில் வேலை பார்ப்பதாகக் கடைசிக் கடிதத்தில் இருந்தது.

அவர்கள் போவதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அவள் பெரியவளாகி ஒரு மாதம் இருக்கும். இனிமேல் தலையைத் தானே வாரிக்கொள்வதாக அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார். ஆனால் அந்தச் சனிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். செம்பில் தண்ணீர், எண்ணெய், கிளிப்புகள், கிணற்றடியில் என் அம்மாவிடம் கேட்டு வாங்கிய செம்பருத்தி நீர், எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, தூரமாகப் போய் நாற்காலியில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்து வாரினாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் கைகள் அவருடைய கைகளைப் போலவே வேலை செய்தன. நனைத்து, பிரித்து, நுனியிலிருந்து மேலே. முன்பக்கம் முடிந்தது, பக்கங்கள் முடிந்தன. அவர் பேப்பரில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடரிக்கு வந்ததும் அவள் சீப்பை மடியில் வைத்தாள்.

"அப்பா, பின்னால எட்டல" என்றாள்.

அவர் பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். அவள் முக்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு எட்டும். முந்தினநாள் எங்கள் வீட்டில் என் கண்முன்னால்தான் தன் தலையின் பின்பக்கம் முழுக்க அவளே சிக்கெடுத்துப் பின்னியிருந்தாள்.  அவர் சீப்பை வாங்கி, ஒரு பிடி முடியைப் பிரித்து, இடதுகையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியில் வைத்தார்.